பள்ளிக்கூடத்தில் புளூ காய்ச்சல்: பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

ஜூன் மாதம் பாதி கழிந்தால் மும்பையில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கும். மழை பிடிக்கும்; பள்ளிக்கூடம் திறக்கும். இரண்டும் நடந்து நாலைந்து வாரத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து சேரும். அதுதான் காய்ச்சல்.

முதலில் வகுப்பில் ஒரு பையன் தும்முவான். மறுநாள் அவன் இடம் காலி. இரண்டு நாள் கழித்து அந்தப் பெஞ்சே காலி. தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ, செம்பூரிலோ ஒரு வீட்டில் இரவு 2 மணிக்கு ஒரு தாய் விளக்கைப் போட்டுக்கொண்டு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

விடிந்ததும் அந்த வீட்டில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் நிறுத்துவதா?

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் தகப்பனார் ஆறரை மணி லோக்கலைப் பிடிக்க வேண்டியவர். தாய் நாலு வீட்டில் வேலை செய்கிறவள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவருக்குச் சம்பளம் போகாது, லீவு போகும். அதுவோ, வருஷத்துக்கு ஒரு முறை நெல்லைச் சீமைக்குப் போய் வருவதற்காகக் கணக்குப் பார்த்துச் சேர்த்து வைத்த லீவு.

ஆகவே பல வீடுகளில் நடப்பது இதுதான்: ஒரு பாரசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் சூடு தணிகிறது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து டீ கேட்கிறது. "சரியாகிவிட்டது" என்று யூனிபாரத்தை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். மருந்தின் வேகம் நண்பகலில் தீர்ந்துவிடும். பிள்ளை பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுக்கும். பள்ளியிலிருந்து போன் வரும். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்திருக்கும்.

மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை இறக்காது. பள்ளிக்கூடத்தில் புளூ பரவுவதற்கு இந்தக் காலை மாத்திரையைப் போல உதவி செய்கிற பொருள் வேறு இல்லை.

ஒரு நாள் முன்பே ஒட்டிக்கொள்ளும்

புளூ என்பது இன்புளூயன்சா என்ற வைரஸ் கிருமியால் வருவது. சாதாரணச் சளி மெல்ல வரும். மூக்கு ஒழுகும், ஓரிரு நாளில் விலகும். புளூ அப்படி வராது. மத்தியானம் ஓடியாடிய பிள்ளை மாலையில் சுருண்டு படுத்துவிடும். 102, 103 டிகிரி வரை காய்ச்சல் ஏறும். உடம்பு வலி, தலைவலி, தொண்டை வலி, வறட்டு இருமல் எல்லாம் சேர்ந்து வரும். சிறு பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப் போக்கும் இருக்கலாம்.

கிருமி உள்ளே புகுந்து 1 முதல் 4 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். பெரும்பாலும் இரண்டாம் நாள். தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே அந்தப் பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். தொடங்கிய பிறகு 5 முதல் 7 நாட்கள் வரை தொற்றும். சின்னஞ்சிறு பிள்ளைகளிடமிருந்து இன்னும் சில நாட்கள் கூடத் தொற்றுவது உண்டு.

"காய்ச்சல் தெரிவதற்கு முன்பே பரவிவிடும் என்றால் வீட்டில் நிறுத்தி என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிருமி மிக அதிகமாக வெளியேறுவது காய்ச்சல் தொடங்கிய முதல் 3 நாட்களில். அந்த 3 நாட்களும் பிள்ளை வகுப்பில் இல்லை என்றால் பலர் தப்பித்தார்கள் என்று அர்த்தம்.

தும்மினாலும் இருமினாலும் கிளம்பும் திவலைகள் 3 அடி தூரம் தாராளமாகப் பாயும். மூடிய அறையில் நுண்ணிய திவலைகள் காற்றில் மிதந்துகொண்டும் இருக்கும். பெஞ்ச், கைப்பிடி, தண்ணீர்க் குழாய் போன்ற வழவழப்பான பொருள்களில் கிருமி ஒரு நாள், இரண்டு நாள் கூட உயிரோடு இருக்கும். பிள்ளை அதைத் தொடும். அதே கையால் மூக்கைத் தேய்க்கும். வேலை முடிந்தது.

வகுப்பறையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. பள்ளி வேன்களைப் பாருங்கள். மழைக்காக ஜன்னல்களை எல்லாம் அடைத்து, எட்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேரை நெருக்கி, அரை மணி நேரம் சிக்னலில் நிற்கிறார்கள். மழை கொஞ்சம் விட்டதும் ஒரு பக்கத்து ஜன்னலையாவது திறக்கும்படி டிரைவரிடம் சொல்லி வைப்பதற்குக் காசு செலவில்லை.

இன்னொன்று டியூசன். காய்ச்சல் என்று பள்ளிக்கு லீவு போட்ட பிள்ளையை மாலையில் டியூசனுக்கு அனுப்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். கட்டிய பணம் வீணாகிவிடும் என்ற கவலை! பள்ளி அறையாவது விசாலமாக இருக்கும். டியூசன் நடப்பது ஒரு சின்ன அறையில், இருபது பிள்ளைகள் தரையில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு.

எப்போது திரும்ப அனுப்பலாம்?

கணக்கு எளிது. காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமல், முழுசாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு உடம்பு சுட்டது என்றால் செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பக்கூடாது. செவ்வாய் முழுவதும் மருந்து இல்லாமலே பிள்ளை நன்றாக இருந்தால் புதன்கிழமை அனுப்பலாம்.

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. அடுப்படியில் நின்ற கைக்கும், ஐஸ் தண்ணீரில் நனைந்த கைக்கும் ஒரே நெற்றி இரண்டு விதமாகத் தெரியும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல்.

இருமல் இரண்டு வாரம் வரை இழுத்துக்கொண்டு போகும். அதற்காகப் பிள்ளையை இரண்டு வாரமும் வீட்டில் அடைக்க வேண்டியதில்லை. காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கி, தெம்பு வந்துவிட்டால் பள்ளிக்குப் போகலாம். கைக்குட்டையில் இருமவும், அது இல்லாவிட்டால் முழங்கையின் மடிப்பில் இருமவும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதும். சில நாட்களுக்கு முகக்கவசம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

யார் வீட்டில் இருப்பது?

"வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். யார் பார்ப்பது என்று அவர் சொல்வதில்லை. காய்ச்சல் வந்த அன்று காலையில் உட்கார்ந்து யோசித்தால் வழி கிடைக்காது. மழைக்காலம் தொடங்கும்போதே கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

மகாராஷ்டிராவின் 2017-ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம் பொருந்துகிற இடங்களில், தொழிலாளிக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்துடன் கூடிய காஷுவல் லீவு உண்டு. அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்துக் கணக்கில் சேரும். இப்படி ஒரு லீவு இருப்பதே தெரியாமல் கடைகளில் வேலை பார்க்கிற நம்மவர்கள் பலர் உண்டு. மத்திய அரசு ஊழியர்களில் பெண்களுக்குப் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே தனி லீவு 2008 முதல் இருக்கிறது. மொத்த சர்வீசில் 730 நாட்கள். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இ.எஸ்.ஐ. தரும் நோய்க்காலப் பணம் தொழிலாளியே நோயில் படுத்தால்தான்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டால் கிடைக்காது.

இந்த லீவு எதுவும் இல்லாத தினக்கூலிக்காரர்களுக்கு மிஞ்சுவது ஷிப்டும் அக்கம்பக்கமும்தான். தகப்பனார் இரவு ஷிப்டுக்கு மாற்றிக் கேட்கலாம். தாய் நாலு வீட்டு வேலையில் இரண்டு வீட்டை மாலைக்குத் தள்ளிப் போடலாம். அடுத்த வீட்டு அம்மாளிடம் உதவி கேட்பதாக இருந்தால், காய்ச்சல்காரப் பிள்ளையை அவர் வீட்டில் கொண்டுபோய் விடக்கூடாது. வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடவும், கூட்டிவரவும், காய்கறி வாங்கி வரவும் சொல்லலாம். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

வேறு வழியே இல்லை என்றால் பலரும் நாடுவது பாட்டியை. ஊரிலிருந்து வந்து கூட இருக்கும் மாமியாரோ, தாயாரோ இருந்தால், "பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்ளட்டும்" என்று இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இங்கேதான் மிகவும் யோசிக்க வேண்டும். பள்ளிக்குப் போகிற வயதில் நல்ல உடல்நலம் உள்ள பிள்ளை பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்து ஓடும். அதே கிருமி 65 வயதுக்கு மேற்பட்ட, சர்க்கரையோ ஆஸ்துமாவோ உள்ள பாட்டிக்குத் தொற்றினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். கர்ப்பிணிகளுக்கும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், அதிலும் 2 வயது நிரம்பாதவர்களுக்கும், இதே ஆபத்து உண்டு.

பாட்டிதான் பார்த்தாக வேண்டும் என்றால் அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்க மாட்டார். இருந்தாலும் சொல்ல வேண்டும். அவருக்கு உடம்பு சுட்டால் "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் முதல் நாளே டாக்டரிடம் காட்டுங்கள். ஒசெல்டாமிவிர் என்ற மருந்து புளூவுக்கு உண்டு. அது காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

ஒற்றை அறையில் என்ன செய்வது?

"நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்" என்று புத்தகங்கள் சொல்லும். 10 அடிக்கு 12 அடி அறையில் ஆறு பேர் வசிக்கும் இடத்தில் தனி அறைக்கு எங்கே போவது? ஆனால் முடிந்ததைச் செய்யலாம். ஜன்னல் ஓரமாகப் பிள்ளையின் படுக்கையைப் போடுங்கள். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை முழுக்க அடைக்காதீர்கள். படுக்கும்போது ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் வரும்படி படுத்தால், முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே நாலைந்து அடி இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். துண்டும் தம்ளரும் பிள்ளைக்குத் தனி. பிள்ளையைத் தொட்டவர் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. சாதாரணச் சோப்பே அதை உடைத்துவிடும். விலை உயர்ந்த திரவங்கள் வேண்டியதில்லை. பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம் உள்ள சால்களில் வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவுவது இன்னும் முக்கியம்.

சாம்பிராணி போடும் வழக்கத்தைக் காய்ச்சல் நாட்களில் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே புண்ணாகி இருக்கும் பிள்ளையின் நுரையீரலுக்கு, மூடிய அறையில் புகை கெடுதல். ஆவி பிடிக்க வைப்பதும் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். சிறிய அறையில், தரையில் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம், மேலே போர்வை, பக்கத்தில் ஓடித் திரியும் தம்பி. வெந்துபோன தொடையோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் இப்படித்தான் வருகிறார்கள். கற்பூரம் கலந்த தைலங்களை 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவவே கூடாது.

கஞ்சி, ரசம், இளநீர், மோர் எது இறங்குகிறதோ அதைக் கொடுக்கலாம். சாதம் சாப்பிடாவிட்டால் பாதகமில்லை. தண்ணீர் குடித்தாக வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நல்லது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக்கூடாது. தாய்க்கே காய்ச்சல் என்றாலும் முகத்தை மூடிக்கொண்டு கொடுக்கலாம். உடம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

மருந்துக் கடையில் "செட்" வாங்காதீர்கள்

டாக்டர் பீசை மிச்சப்படுத்துவதற்காக மருந்துக் கடையில் நின்று "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம்மவர்களிடம் வேரூன்றிக் கிடக்கிறது. காகிதப் பொட்டலத்தில் நாலு நிற மாத்திரைகள் வரும். அதில் என்ன இருக்கிறது என்பது வாங்கியவருக்குத் தெரியாது.

புளூ வைரசால் வருவது. ஆன்டிபயாடிக் மருந்து வைரசைக் கொல்லாது. அதன் மேல் நிமோனியாவோ காதுச் சீழோ வந்தால்தான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. புளூவோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய கோளாறு வரக்கூடும். நிமெசுலைடு என்ற மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011-ம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

இருமல் சிரப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப்பில் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது தமிழ்நாட்டில். அதற்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக்கூடாது, 5 வயது வரையும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவித்தது.

மிஞ்சுவது பாரசிட்டமால். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளைகளுக்கான பாரசிட்டமால் சிரப் இரண்டு வலுவில் விற்கப்படுகிறது. ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்து. இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். பாட்டிலும் பெயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். போன வருஷம் டாக்டர் சொன்ன அளவை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வருஷம் வேறு பாட்டிலில் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். பிள்ளையின் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. எத்தனை மில்லி என்பதை டாக்டரிடமோ, நர்சிடமோ கேட்டு, பாட்டிலின் மீதே எழுதி ஒட்டி வையுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பிள்ளை மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தால், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக்கூடாது. பிள்ளை தூங்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணிப் பாருங்கள். ஒரு வயது முதல் 5 வயது வரை நிமிஷத்துக்கு 40-ம் அதற்கு மேலும் போனால் ஆபத்து. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிதான்.

காய்ச்சல் விட்டு, பிள்ளை தேறி, இரண்டு நாள் கழித்து மறுபடியும் காய்ச்சலும் இருமலும் கடுமையாகத் திரும்பினால் அதையும் சாதாரணமாக எண்ணக்கூடாது. நிமோனியா அப்படித்தான் வரும்.

ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்மார்களுக்கு சயான், கே.இ.எம்., ராஜாவாடி ஆஸ்பத்திரிகளில் மொழி ஒரு தடை. காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை டிகிரி, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் பாதிக் கஷ்டம் தீரும். எண்களை எந்த டாக்டரும் படிப்பார். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். காய்ச்சலுக்கு இந்தியில் "புகார்", மராத்தியில் "தாப்". மூச்சு வாங்குகிறது என்பதற்கு மராத்தியில் "தம் லாக்தோய்" என்றால் புரிந்துகொள்வார்கள். சிறு உபாதைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் போய் நிற்பதைவிட, மாநகராட்சி டிஸ்பென்சரியோ, 2022 முதல் நடக்கும் 'ஆப்லா தவாகானா'வோ போதும். மாலையில் வேலை முடிந்து வந்து காட்டும்படி திறந்திருப்பவையும் அவற்றில் உண்டு.

எல்லாக் காய்ச்சலும் புளூ அல்ல

மும்பை மழைக்காலத்தின் தொல்லை இதுதான். பள்ளியில் புளூ பரவுகிறது என்பதற்காக உங்கள் பிள்ளைக்கு வந்ததும் அதுவே என்று முடிவு கட்ட முடியாது. மலேரியாவும் டெங்குவும் இதே மாதங்களில்தான் வரும். சளியும் இருமலும் இல்லாத காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பில் சிவப்புப் புள்ளி, கடும் வயிற்று வலி இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். எந்தக் காய்ச்சலானாலும் 3 நாளைத் தாண்டினால் சோதனை செய்துவிட வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் பிள்ளை நடந்து வந்திருந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பிறகு அது இந்த நகரத்தில் பரவியதைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் தடுப்பு மருந்து உண்டு. டாக்டரிடம் "தண்ணீரில் நடந்தான்" என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் விட்டுவிடலாம்.

நிலவேம்புக் குடிநீரில் நம்பிக்கை உள்ளவர்கள் பலர். அது இருக்கட்டும். அதைக் குடித்துக்கொண்டு ஐந்து நாள் காத்திருந்து, ஆறாம் நாள் டெங்கு முற்றிய நிலையில் ஓடுவதுதான் தவறு.

பள்ளியிடம் என்ன கேட்கலாம்?

தமிழ் வழி வகுப்புகளும் நடக்கும் மாநகராட்சிப் பள்ளிகளில் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்காக மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். குழாயடியில் சோப்பு இருக்கிறதா, வகுப்பு ஜன்னல்கள் திறக்கின்றனவா, காய்ச்சல் வந்த பிள்ளையைப் பெற்றோர் வரும்வரை தனியே உட்கார வைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். ஒரே வகுப்பில் மூன்று, நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் மற்றப் பெற்றோருக்கு அன்றே தகவல் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தகவல் மராத்தியில் மட்டும் வந்தால் பாதி வீடுகளில் படிக்க ஆள் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு நாள் கூட லீவு போடாத மாணவ-மாணவிகளுக்கு ஆண்டு விழாவில் பரிசு தருகிறார்கள். நல்ல எண்ணத்தில் தொடங்கிய வழக்கம்தான். ஆனால் அந்தப் பரிசுக்கு ஆசைப்பட்டு, 102 டிகிரி காய்ச்சலை அம்மாவிடம் மறைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. காய்ச்சலுக்குப் போட்ட லீவைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் அல்லது பரிசையே எடுத்துவிடலாம். தேர்வு நாளில் காய்ச்சல் என்றால் மறு தேர்வு உண்டா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

1918, 1957, 2009

பள்ளியை மூடிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். 2009 ஆகஸ்டில் அதையும் பார்த்தாயிற்று. அந்த மாதம் 3-ம் தேதி புனேயில் ஒரு பள்ளி மாணவி பன்றிக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட புது வகைப் புளூவுக்குப் பலியானாள். இந்தியாவில் அதனால் நேர்ந்த முதல் சாவு அது. புனேயிலும் மும்பையிலும் பள்ளிகளை ஒரு வாரம் மூடினார்கள். மும்பையில் சினிமாத் தியேட்டர்களையும் மூன்று நாள் அடைத்தார்கள். சோதனை செய்துகொள்ள ஆஸ்பத்திரிகளில் நீண்ட வரிசை நின்றது. வெறும் சளியோடு வந்து வரிசையில் நின்றவர், முன்னால் நின்றவரிடமிருந்து புளூவை வாங்கிக்கொண்டு போக எல்லா வாய்ப்பும் இருந்தது. இப்போது லேசான காய்ச்சலுக்குச் சோதனை தேவையில்லை, வீட்டில் இருந்தால் போதும் என்பதே மத்திய அரசின் வழிமுறை. பள்ளி மூடிய நாளில் பிள்ளைகள் சந்தில் கூடி விளையாடினால், மூடியதால் லாபம் ஒன்றும் இல்லை.

புளூவுக்கும் துறைமுக நகரங்களுக்கும் பழைய உறவு. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டித்தான் அது இந்தியாவில் தலைகாட்டியது. நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோயிற்று. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியது இன்னொரு வகை. அந்தக் கிருமியை ஆராய்ந்தவர்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்புளூயன்சா மையத்தினர். கப்பலில் வந்தது இன்று ரெயிலிலும் விமானத்திலும் வருகிறது. காய்ச்சல்காரப் பிள்ளையை "ஊர்க்காற்றுப் பட்டால் சரியாகும்" என்று நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏற்றுவது, ஒரு பெட்டி முழுவதற்கும் அதைப் பங்கு போடுவதாகும். ஊரில் காத்திருக்கும் தாத்தாவுக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும்.

தடுப்பூசி

புளூவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 6 மாதம் நிரம்பிய குழந்தை முதல் போடலாம். 6 மாதம் முதல் 5 வயது வரை ஆண்டுதோறும் போடலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. 9 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் முறையாகப் போடும்போது நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. கிருமி அடிக்கடி உருமாறுவதால் ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போட வேண்டும். போட்டவர்களுக்குப் புளூ வரவே வராது என்று சொல்ல முடியாது. வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

தடங்கல் விலைதான். அரசு இலவசமாகப் போடும் குழந்தைத் தடுப்பூசிகளின் பட்டியலில் இது இல்லை. தனியார் டாக்டரிடம் ஒரு ஊசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். மூன்று பிள்ளைகளும் பாட்டியும் உள்ள வீட்டில் எல்லோருக்கும் போடுவது நடக்கிற காரியம் இல்லை. யாருக்காவது ஒருவருக்குத்தான் முடியும் என்றால், ஆஸ்துமாவோ இருதயக் கோளாறோ உள்ள பிள்ளைக்கு முதலில் போடுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால் சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு அவருக்கும் போடலாம். பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் அது காவல்.

ஸ்ரீநகரில் இருப்பவர்களுக்குப் புளூ குளிர்காலத்தில் அதிகம். அவர்கள் அக்டோபர் வாக்கில் போட்டுக்கொள்ளலாம். மும்பைக்கு மழைக்காலம்தான் புளூ காலம். ஊசியின் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரெயில் ஏறும் முன்பே போட்டுக்கொள்ளலாம். ஊரிலிருந்து திரும்பிய பிறகு என்றால், ஜூன் முதல் வாரத்துக்குள்.